சாயம் எப்படிப் பிடிக்கிறது, ஏன் போகிறது

திருப்பூர் பனியன் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பு முழுக்கக் கருநீலம், நெஞ்சில் வெள்ளையாக ஏதோ ஒரு எழுத்து. கருநீலத்தின் மேல் விரலை ஓட்டினால் பருத்தி மட்டும்தான் தட்டுப்படும். எழுத்தின் மேல் ஓட்டினால் துணிக்கு மேல் ஒரு படலம் உட்கார்ந்திருப்பது தெரியும். பல தடவை துவைத்தபின் அது வெடிப்பு விடும், உரியும். அந்தக் கருநீலம் சாயம். வெள்ளை எழுத்து நிறமி. சாயம் தண்ணீரோடு சேர்ந்து நாருக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. நிறமி கரையாது, பசை போட்டு மேலே ஒட்டவைக்க வேண்டும். சுவருக்கு அடிக்கும் பெயிண்டும் கோலப்பொடியும் நிறமி வகை. துணி, நூல், தலைமுடி, தோல், மிட்டாய், ஆய்வுக்கூடத்தில் கிருமியைப் பார்க்கும் கண்ணாடித் தகடு, இங்கெல்லாம் வேலை செய்வது சாயம்.

நிறம் காட்டுவது பெரிய காரியமில்லை. வெயிலில் கலந்திருக்கும் நிறங்களில் ஒரு பகுதியைச் சாயத்தின் மூலக்கூறு விழுங்கிக்கொள்கிறது, மிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது, அவ்வளவுதான். பீட்ரூட் சாறும் அதைத்தான் செய்கிறது. ஆனால் பீட்ரூட்டில் நனைத்த வேட்டி ஒரு துவைப்பில் வெளுத்துவிடும். துணிக்குச் சாயம் என்றால் தண்ணீர், சோப்பு, வியர்வை, வெயில் நாலையும் தாங்கி நிற்க வேண்டும். ஆகவே சாயத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டே விஷயம்: பிடிப்பது எதனால் பிடிக்கிறது, பிடிக்காமல் மிஞ்சியது எங்கே போகிறது. கொங்கு நாட்டில் இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆறே விலை கொடுத்திருக்கிறது.

நாரைப் பார்த்துத்தான் சாயம்

எல்லாத் துணிக்கும் ஒரே சாயம் என்று ஒன்று கிடையாது. பருத்திக்கு ஏறுவது பாலியெஸ்டருக்கு ஏறாது, பட்டுக்கு ஏறுவது பருத்தியில் நிற்காது. முதலில் கையில் இருப்பது என்ன நார் என்று தெரிய வேண்டும். ஓரத்திலிருந்து ரெண்டு நூலை உருவி இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். கருகியதை நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருங்கிக் கெட்டியான மணியாக நிற்கும், நசுக்க முடியாது. நூலில் கலப்பு இருந்தால் சாம்பலும் மணியும் சேர்ந்தே வரும்.

பருத்திக்கு மூன்று முக்கிய வகைகள் உண்டு. டைரக்ட் சாயம் உப்புப் போட்ட வெந்நீரில் நேராக ஏறிக்கொள்ளும். விலை குறைவு, வேலை சுலபம். ஆனால் நாரோடு அதற்கு இருப்பது பலமற்ற ஒட்டுதல்தான், அதனால் ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். ரியாக்டிவ் சாயம் பருத்தி நாரோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்ளும், அதாவது நாரின் மூலக்கூறில் ஒரு அங்கமாகிவிடும். இன்று திருப்பூரில் பனியன் துணிக்கு ஏறுவதில் பெரும்பகுதி இதுதான். மூன்றாவது வேட் சாயம். அது இயல்பாகத் தண்ணீரில் கரையாது. காஸ்டிக் சோடாவும், பட்டறைகளில் ஹைட்ரோ என்று சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டும் போட்டு அதைக் கரைய வைக்கிறார்கள். கரைந்த நிலையில் நாருக்குள் போகும், காற்றுப் பட்டதும் பழையபடி கரையாத பொருளாக மாறி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கெட்டிச்சாயம் வேண்டும், கொதிக்கக் கொதிக்கத் துவைக்க வேண்டும் என்றால் வேட் சாயத்துக்கு மிஞ்சியது இல்லை. விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

பட்டு, கம்பளி, நைலான் மூன்றுக்கும் ஆசிட் சாயம். வெந்நீரில் அசிட்டிக் அமிலம் சேர்த்து ஏற்றுவார்கள். பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம். பாலியெஸ்டர் நார் தண்ணீரையே உள்ளே விடாது. அழுத்தக் கலத்தில் 130 டிகிரி வரை சூடாக்கினால்தான் அது இளகிச் சாயத்தை உள்ளே இழுக்கும். சாதாரண அடுப்பில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் வீட்டில் பாலியெஸ்டருக்கு நல்ல அடர்த்தியில் சாயம் ஏற்ற முடியாது. பழைய பருத்திச் சட்டையை வீட்டில் கறுப்பாக்கினால் தையல் மட்டும் வெள்ளையாகவே பளிச்சென்று நிற்பதற்கும் இதுதான் காரணம்: தைத்த நூல் பாலியெஸ்டர்.

எந்தக் கட்டத்தில் சாயம் போடுகிறார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். பவானி ஜமக்காளத்தின் பட்டைகளுக்கும், சென்னிமலைப் போர்வையின் கட்டங்களுக்கும் நூலிலேயே சாயம் ஏற்றிவிட்டுப் பிறகுதான் நெசவு. கட்டம் போட்ட துணியில் பாவு நூலும் ஊடை நூலும் தனித்தனி நிறமாக இருக்க வேண்டுமே, நெய்த பிறகு அதைச் செய்ய வழியில்லை. நூலைக் கழியாக, அதாவது வளையக் கட்டாக, கோலில் தொங்கவிட்டுத் தொட்டியில் நனைக்கும்போது கழியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கோலில் பட்டுக்கொண்டிருக்கும் இடம் வெளிறிப்போனால் நெய்தபின் துணியில் கோடு கோடாகத் தெரியும். திருப்பூரில் ஒரே நிறப் பனியனுக்கு முதலில் வெளுக்காத, சாயமேறாத காடாத் துணியைப் பின்னிவிட்டு, அப்புறம் மொத்தமாகச் சாயம் போடுகிறார்கள்.

ஒரு சாயப்பட்டறைக் கணக்கு

100 கிலோ பனியன் துணிக்கு நடுத்தர அடர்த்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். பட்டறையில் எல்லாமே துணியின் எடையிலிருந்துதான் தொடங்கும். 2 சதவீத சேடு (நிற அடர்த்தி) என்றால் 100 கிலோவுக்கு 2 கிலோ சாயம். துணிக்கும் தண்ணீருக்கும் 1:8 விகிதம் என்றால் 800 லிட்டர் தண்ணீர். சாஃப்ட் ஃப்ளோ என்ற புது வகைச் சாய மெஷினில் இந்த அளவு போதும். பழைய விஞ்ச் மெஷினில் இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிடிக்கும். உப்பும் சோடாவும் தண்ணீரின் அளவை வைத்துக் கணக்கு: லிட்டருக்கு 60 கிராம் உப்பு, 20 கிராம் சோடா ஆஷ். அப்படியானால் 48 கிலோ உப்பு, 16 கிலோ சோடா. இரண்டே கிலோ சாயத்தை ஏற்ற 48 கிலோ உப்பு! அதில் ஒரு கிராம்கூடப் பனியனில் தங்கப்போவதில்லை என்பதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சாயத்துக்கு முன் துணியைத் தயார் செய்ய வேண்டும். காடாவில் பருத்தியின் இயற்கை மெழுகும், பின்னும்போது பட்ட எண்ணெயும் இருக்கும். காஸ்டிக், ஹைட்ரஜன் பெராக்சைடு, நனைப்பான் சேர்த்துக் கொதிக்கு அருகே ஒரு மணி நேரம் போல ஓட்டினால் மெழுகும் எண்ணெயும் போய்த் துணி வெளுக்கும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணி மேல் விட்டால் உருளாமல் உடனே உறிஞ்ச வேண்டும். உருண்டு நின்றால் சாயமும் அப்படித்தான் நிற்கும், திட்டுத் திட்டாகத்தான் ஏறும். அடுத்து, மிஞ்சிய பெராக்சைடை என்சைம் போட்டு முறிக்க வேண்டும். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் பெராக்சைடு சாயத்தையே தின்றுவிடும், சேடு வெளிறி வரும். பிறகு அசிட்டிக் அமிலத்தில் துணியின் காரத்தை எடுத்து நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். சாயப்பட்டறையில் ஏற்படும் கோளாறுகளில் பாதிக்கு மேல் சாயத்தின் குற்றமில்லை, இந்த முன்வேலையின் குற்றம் என்பது எங்கள் கருத்து.

அடுத்தது தண்ணீர். கிணற்று, போர்த் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் இருந்தால் அவை சாயத்தோடு சேர்ந்து துகளாகிப் புள்ளி விடும், நிறம் மங்கும். அதனால் கடினம் நீக்கிய தண்ணீரில்தான் தொட்டி போடுவார்கள்.

இப்போது சாயம். தனியாகக் கரைத்து, வடிகட்டி, ஓடிக்கொண்டிருக்கும் துணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பு எதிர்மின் தன்மையோடு இருக்கும். கரைந்த சாயமும் அப்படியே. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்புப் போட்டால் அந்தத் தள்ளல் தணிந்து சாயம் தண்ணீரை விட்டு நாரை நோக்கி நகரும். ஆனால் உப்பு சாயத்தைத் துணியருகே கொண்டுவந்து சேர்க்கத்தான் செய்யும், பிணைப்புப் போடாது. அந்த நிலையில் துணியைத் தூக்கி நல்ல தண்ணீரில் அலசினால் பெரும்பகுதி கழன்று போய்விடும். பிணைப்பைப் போடுவது சோடா. சோடா சேர்ந்து காரத்தன்மை பி.எச். 11 அளவுக்கு ஏறும்போதுதான் பருத்தியும் சாயமும் வினை புரியும். வெப்பம் சாயத்தின் ரகத்தைப் பொறுத்தது: பல ரகங்களுக்கு 60 டிகிரி, பச்சை கலந்த மயில்நீலம் போன்றவற்றுக்கு 80 டிகிரி. சோடாவை மொத்தமாகக் கொட்டினால் முதலில் பட்ட இடத்தில் சாயம் அவசரமாக இறுகிவிடும், மற்ற இடத்துக்கு மிச்சமிருக்காது. திட்டு விழுவதற்கு இது அடிக்கடி நேரும் காரணம். அதனால் அரை மணிக்கும் மேலாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு 45 நிமிடமாவது ஓட்டுகிறார்கள்.

இங்கே ஒரு போட்டி நடக்கிறது. காரம் ஏறியதும் சாயம் பருத்தியோடு மட்டும் வினை புரிவதில்லை, சுற்றியிருக்கும் தண்ணீரோடும் புரிகிறது. தண்ணீரோடு சேர்ந்துவிட்ட சாயம் செத்த சாயம். அதற்கு இனிமேல் நாரைப் பிடிக்கும் திறன் கிடையாது, ஆனால் நிறம் அப்படியே இருக்கும். பொதுவாகப் போட்ட சாயத்தில் 60 முதல் 80 சதவீதம் வரைதான் துணியில் பிணைகிறது. மிச்சம் இந்தச் செத்த சாயமாக நாரிடுக்கில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். புதுத் துணியில் முதல் துவைப்பில் சாயம் போகிறது என்றால் பெரும்பாலும் போவது இதுதான். இதை வெளியே எடுப்பதற்காகத்தான் சாயம் முடிந்தபின் அத்தனை கழுவல்: முதலில் வெறும் தண்ணீர், பிறகு அமிலக் கழுவல், பிறகு கொதிக்கு அருகே சோப்பு நீரில் ஓட்டும் சோப்பிங், மறுபடி வெந்நீர், குளிர்ந்த நீர். வரிசை முக்கியம். உப்பு இருக்கும்வரை செத்த சாயம் துணியை விடாது. முதலில் உப்பு போக வேண்டும், அப்புறம்தான் சோப்பிங்கால் பலன். தண்ணீரையும் விறகையும் மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு சோப்பிங்கைக் குறைத்தால், கடைசியில் ஃபிக்ஸர் என்ற, சாயத்தைப் பிடித்துவைக்கும் ரசாயனத்தைப் போட்டு மறைக்கப் பார்ப்பார்கள். அது சில துவைப்புகளுக்குத்தான் தாங்கும்.

கறுப்பு, கருஞ்சிவப்பு, கருநீலம் மூன்றும் ஏன் அதிகம் போகின்றன என்பதும் இதிலிருந்து விளங்கும். கறுப்புக்கு 5, 6 சதவீதம் சாயம் வேண்டும், உப்பும் லிட்டருக்கு 80 கிராமுக்கு மேல். போடுவது அதிகமானால் மிஞ்சுவதும் அதிகம்.

மிஞ்சியது போன இடம்

தொட்டித் தண்ணீரில் லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 60,000 மில்லிகிராம். கழிவு நீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் நொய்யலின் கதை இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் ஆறு. பாசனத்துக்கென்று சென்னிமலைக்கு அருகே கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. கீழே இருந்த கிணறுகள் உப்பேறின, நிலம் விளைச்சலை இழந்தது. விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் கழிவு நீரே வெளியேறாத நிலைக்கு வரும்வரை திருப்பூர் சாயப்பட்டறைகள் எல்லாவற்றையும் மூட உத்தரவிட்டது.

ஆற்றில் சிவப்பும் நீலமுமாக ஓடியதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் நிலத்தைக் கெடுத்ததில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். நிறத்தைக் கிருமிகளைக் கொண்டும், ஓசோனைக் கொண்டும் எடுத்துவிடலாம். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடும், உப்பு மட்டும் அப்படியே இருக்கும். உப்பை எடுக்க ஆர்.ஓ. சவ்வு வேண்டும். சவ்வு நல்ல தண்ணீரை ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் அடர்ந்த உப்புநீர் மிஞ்சும். அந்த உப்புநீரை ஆவியாக்கி உப்பைப் படிகமாக எடுக்கிறார்கள், தெளிந்த உப்புநீரை அப்படியே அடுத்த தொட்டிச் சாயத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரும் உப்பும் பட்டறைக்கே திரும்பி வருகின்றன. செலவு பிடிக்கும் வேலைதான். ஒரு பனியனின் விலையில் இந்தச் செலவும் சேர்ந்திருப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறோம். சேராமல் இருந்த காலத்தில் அதை நொய்யல் கரை விவசாயி கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டில் செய்து பார்க்க

வெளுத்துப்போன பருத்திச் சட்டை, துப்பட்டா, தலையணை உறைக்கு வீட்டிலேயே மறுசாயம் போடலாம். குறைந்த சூட்டில் வேலை செய்யும் கோல்ட் பிராண்ட் (Cold Brand) ரியாக்டிவ் சாயம் இதற்கு ஏற்றது. உலர்ந்த எடை அரைக் கிலோ துணிக்கு 10 கிராம் சாயம், 10 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், அரைக் கிலோ உப்பு, 200 கிராம் சலவை சோடா. சமையல் சோடா வேண்டாம், அதன் காரம் போதாது. அதைப் போட்டுவிட்டுச் சாயம் நிற்கவில்லை என்று குறைப்படுபவர்கள் நிறைய. பிளாஸ்டிக் பக்கெட் அல்லது எவர்சில்வர் அண்டா எடுங்கள். அலுமினியத்தைச் சோடா அரிக்கும். எதுவானாலும் பிறகு சமையலுக்குத் திரும்பக்கூடாது. கையுறை அவசியம், பொடியைக் கரைக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள்; சாயப்பொடி மூச்சில் போனால் சிலருக்கு ஒவ்வாமை வரும்.

துணியைச் சோப்பில் துவைத்து, அலசி, ஈரமாகவே போட வேண்டும். காய்ந்த துணி மடிப்புக்கு மடிப்பு வேறு மாதிரி உறிஞ்சும். சாயத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, தொட்டியில் கலக்கி, துணியைப் போட்டுப் பத்து நிமிடம் கிளறுங்கள். உப்பை மூன்று பங்காக்கி, பத்து நிமிடத்துக்கு ஒரு பங்கு. பிறகு துணியைத் தூக்கிவிட்டு, தனியாகக் கரைத்த சோடாவை ஊற்றிக் கலக்கி, துணியை மறுபடி போடுங்கள். துணி மேலேயே சோடாவை ஊற்றினால் அங்கே திட்டு நிச்சயம். ஒரு மணி நேரம் அவ்வப்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் குளிர்ந்த தண்ணீரில் உப்பு போகும்வரை அலசி, சோப்புத்தூள் போட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, தண்ணீர் தெளியும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். ஈரத்தில் பார்க்கும் நிறம் காய்ந்தபின் ஒரு படி இளகும் என்பதால் விரும்பியதைவிடச் சற்று அழுத்தமாகவே தெரிய வேண்டும். மிஞ்சிய சாயத் தண்ணீரை நாளைக்கு என்று எடுத்துவைத்துப் பயனில்லை, சோடா சேர்ந்த ஒருசில மணி நேரத்தில் அது முழுக்கச் செத்துவிடும். அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள், உப்பும் காரமும் வேரைக் கெடுக்கும்.

துவைக்கும்போது

புதுத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீடுதோறும் சொல்வார்கள். உப்பு என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம்: பிடிக்காத சாயத்தை அந்த நேரத்துக்குத் துணியோடு ஒட்டி இருக்கவைக்கும். அதனால் ஊறவைத்த தண்ணீர் தெளிவாகத் தெரியும், சாயம் நின்றுவிட்டதாகத் தோன்றும். அடுத்த துவைப்பில் உப்பில்லாத தண்ணீரில் மறுபடி போகும். செத்த சாயத்தை வெளியேற்றிவிடுவதுதான் சரி. நிறத் துணியை முதல் இரண்டு மூன்று முறை தனியாக, வெதுவெதுப்பான தண்ணீரில், நிறைய அலசித் துவைத்தால் போதும். எத்தனை துவைத்தாலும் தண்ணீர் அதே அடர்த்தியில் நிறமாக வந்தால் அது டைரக்ட் சாயம், அல்லது சோப்பிங் சரியில்லாத துணி.

வாங்கும் முன்னேயே சோதிக்கலாம். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, துணியின் உள்பக்க மடிப்பில் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். ஆய்வுக்கூடத்திலும் இதைத்தான் இயந்திரத்தால் செய்து, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். 5 என்றால் கறையே இல்லை. அழுத்தமான நிறங்களில் ஈரத் தேய்ப்புக்கு எப்போதும் மதிப்பெண் குறைவாகத்தான் வரும், லேசான கறைக்காகப் பயப்பட வேண்டாம். வெயிலைத் தாங்குவது வேறு கணக்கு, அதற்கு 1 முதல் 8 வரை. துவைப்பைத் தாங்கும் சாயம் வெயிலையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் காயவைக்கச் சொல்வது அதனால்தான்.

வெள்ளைத் துணியில் வேறு துணியின் சாயம் ஏறிவிட்டால் முதல் விதி, காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரமாக இருக்கும்போதே சோப்புத்தூள் போட்ட வெந்நீரில் ஊறவைத்து அலசி, திரும்பத் திரும்பச் செய்தால் பெரும்பாலும் வந்துவிடும். பிளீச்சிங் பவுடர் முழு வெள்ளைப் பருத்திக்கு மட்டும். கரை வைத்த வேட்டியில் அதைப் போட்டால் கறையோடு கரையின் சாயத்தையும் தின்றுவிடக்கூடும். பட்டில் போட்டால் துணியே போய்விடும்.

மஞ்சள் கறை ஒரு தனி ரகம். படிகாரம் போன்ற பிடிப்பான் எதுவும் இல்லாமலே பருத்தியில் ஏறிக்கொள்ளும் சில இயற்கைச் சாயங்களில் மஞ்சளும் ஒன்று. கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும். காரத்தில் மஞ்சளின் நிறமே அதுதான். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதும் இதே வேலை. பயப்படாமல் துவைத்து, ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். மஞ்சளுக்கு வெயிலைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு, ஒரு நாளில் பெரும்பகுதி வெளுத்துவிடும்.

இயற்கைச் சாயம் பற்றி

1856இல் லண்டனில் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது மாணவர் மலேரியா மருந்தான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதுவரை உலகம் முழுக்கப் பெரும்பாலும் செடி, வேர், பூச்சியிலிருந்து எடுத்த சாயம்தான். 1897இல் செயற்கை அவுரி (இண்டிகோ என்ற நீலச் சாயம்) சந்தைக்கு வந்ததும் நம் ஊர் அவுரி விவசாயம் சரிந்தது. ரியாக்டிவ் சாயம் 1956இல்தான் விற்பனைக்கு வந்தது.

இயற்கைச் சாயத்தில் பெரும்பாலானவை தாமாகப் பருத்தியில் நிற்காது. துணியை முதலில் கடுக்காய்க் கஷாயத்தில் ஊறவைத்து, பிறகு படிகாரத்தில் நனைத்துத்தான் சாயம் ஏற்ற முடியும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் நாரையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. அதே கடுக்காயோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு. அவுரிக்கு இது எதுவும் வேண்டாம். அது வேட் வகை. நொதித்த தொட்டியிலிருந்து துணியைத் தூக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றில் பிரித்துப் பிடித்தால் மடிப்பின் ஓரத்திலிருந்து பச்சை கலங்கி, சில நிமிடங்களில் மொத்தமும் நீலமாகிவிடும். அழுத்தமான நீலம் வேண்டுமானால் ஒரே முறையில் அதிக நேரம் ஊறவைப்பதில் பலனில்லை, பல தடவை நனைத்து நனைத்துக் காற்றாட விட வேண்டும்.

இயற்கை என்றாலே தீங்கில்லை என்று எண்ணிவிட வேண்டாம். தாமிரம், குரோமியம் உப்புகளைப் பிடிப்பானாகப் போட்டால் அந்தத் தண்ணீரும் நஞ்சுதான். செயற்கையிலும் எல்லாம் ஒன்றல்ல: புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களை விடும் சில அசோ சாயங்களை இந்தியா 1990களிலேயே தடை செய்துவிட்டது.

வாய்க்கும் வாசலுக்கும் வரும் சாயங்கள்

துணிச் சாயம் வேறு, உணவு நிறம் வேறு. நம் நாட்டில் உணவில் சேர்க்க அனுமதி உள்ள செயற்கை நிறங்கள் எட்டே எட்டு; அவையும் குறிப்பிட்ட பண்டங்களில் மட்டும், பெரும்பாலும் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குள். மஞ்சள் தூளிலும் மிளகாய்த் தூளிலும் தேயிலையிலும் சேர்க்கவே கூடாது. பஞ்சுமிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச் சாயம் இருந்தது தெரிந்து 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சுமிட்டாய் விற்பனையைத் தடை செய்தது. பச்சைப் பட்டாணியைச் சந்தேகப்பட்டால் ஒரு டம்ளர் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு வையுங்கள். தண்ணீர் பச்சையானால் அது சாயம் ஏற்றியது.

தலைச் சாயம் பிடிக்கும் விதமே தனி. டப்பாவில் இருப்பது நிறமற்ற சின்ன மூலக்கூறு, பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பொருள். அது முடிக்குள் நுழைந்தபின் பெராக்சைடு அதைப் பெரிய, நிறமுள்ள மூலக்கூறாக ஆக்குகிறது, வந்த வழியில் வெளியேற முடியாமல் உள்ளேயே நின்றுவிடுகிறது. பி.பி.டி.க்குச் சிலர் உடம்பு கடுமையாக எதிர்வினை காட்டும். ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டே போடுங்கள். உடனே கறுக்கும் ‘கறுப்பு மருதாணி’யிலும் இது கலந்திருக்க வாய்ப்பு உண்டு, மருதாணி தானாகக் கறுப்பு தராது, செம்பழுப்புதான் தரும்.

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் வாசல் தெளிக்கும் சாணிப்பவுடரைச் சாணி என்று நினைத்துவிடக்கூடாது. மஞ்சள் பொடி ஆரமின், பச்சைப் பொடி மாலகைட் கிரீன், இரண்டும் தொழிற்சாலைச் சாயங்கள், இரண்டும் விஷம். வீட்டில் இல்லாமல் இருப்பதே நல்லது. குழந்தை வாயில் பட்டுவிட்டால் வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, துணி எடுக்கப் போகும்போது ஒன்று. இரண்டு சாயக் கலவைகள் கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரிந்து வெயிலில் வேறாகத் தெரியும். ஜாக்கெட்டுக்குப் பொருத்தம் பார்ப்பதானால் துணியை வாசலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஏற்றுமதிக் கம்பெனிகளும் இதற்காகவே பகல் வெளிச்சம், கடை வெளிச்சம் என்று தனித்தனி விளக்குள்ள பெட்டியில் வைத்துத்தான் சேடு பார்க்கின்றன. குடும்பத்துக்கே ஒரே நிறத்தில் எடுப்பதாக இருந்தால் மொத்த மீட்டரையும் ஒரே நாளில், ஒரே லாட்டிலிருந்து வாங்கிவிடுங்கள். அதே சாயம், அதே அளவு என்றாலும் அடுத்த தொட்டியில் சேடு ஒரு மயிரிழையாவது தள்ளித்தான் வரும்.